வானத்தில் நின்ற பந்தும் வேலாயுதம் அண்ணாச்சியின் ஐந்து பேரும்

வைகாசி விசாகத்துக்கு மறுநாள் சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு மேலே போன பந்து, தை மாதம் பன்னிரண்டாம் தேதிதான் கீழே வந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அது எப்படி அத்தனை நாள் நின்றது என்பதைத்தான். எங்கள் செம்பரைக்குளத்தில் அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அது இறங்கும்போது அடிக்க யார் நிற்பது என்று. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எட்டு மாதம் எங்கள் ஊரில் நடந்த சண்டைக்கு அளவில்லை.

பூப்பந்து எங்கள் பக்கத்து ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளி நூலில் இறுக்கிக் கட்டிய பந்து. தரையில் பட்டால் போச்சு, முப்பத்தைந்து பாயிண்டை முதலில் தொட்டவன் ஜெயித்தவன். எங்களுக்கும் வாகைப்பட்டிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்டம், அதில் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்ற ஊர் தன் மைதானத்து வலைக்கம்பம் இரண்டையும் தன் கையாலேயே பிடுங்கி, தோளில் சுமந்துபோய் ஜெயித்த ஊரில் ஒப்படைக்க வேண்டும், அதற்குப்பின் அந்த ஊரில் வலை கட்டக் கூடாது என்பது கட்டு. யார் போட்ட கட்டு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் புளியறைக்குடிக்காரர்கள் அப்படிச் சுமந்துபோனார்கள், இன்றைக்கு அந்த மைதானத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது, ஆள் இல்லை. நாங்கள் இரண்டு வருஷம் தோற்றிருந்தோம்.

எங்கள் மைதானத்துக் கம்பம் இரண்டும் வேங்கை மரம். பத்தொன்பது வயதில் அதற்குக் குழி வெட்டி நிறுத்தியவர் வேலாயுதம் அண்ணாச்சி, இப்போது அவருக்கு ஐம்பத்துமூன்று, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், டீமுக்கு மேனேஜர். அந்தக் கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். அவரிடம் மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் பயிர் வாடுகிறது அண்ணாச்சி, வாழை சாய்கிறது அண்ணாச்சி என்று தலையில் அடித்துக்கொண்டு நிற்கும் சம்சாரிகளுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான், வார்னிஷ் காயட்டும் என்பார். கோபத்தில் அவரைச் சபிக்காத வயல் எங்கள் பக்கம் கிடையாது, அவர் கட்டிய மோட்டார் இரண்டாம் தடவை எரிந்ததும் கிடையாது.

அந்த வருஷ ஆட்டம் எங்கள் மைதானத்தில். முதல் செட் அவர்கள், இரண்டாவது நாங்கள், மூன்றாவதில் முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு. அப்போது வாகைப்பட்டிக்காரன் அடித்த அடி பந்தை வலைக்கு மேலே, வேப்பமரத்துக்கு மேலே, கோயில் கோபுரத்துக்கு மேலே, பருந்து சுற்றும் உயரத்துக்குக் கொண்டுபோக, எங்கள் கேப்டன் இசக்கிராஜா மட்டையை ஓங்கிக்கொண்டு நேர் கீழே போய் நின்றான், நின்றான், கை கடுத்து மட்டையை இறக்கி மறுபடி ஓங்கி நின்றான், பந்து வரவில்லை. எங்கள் பக்கத்துக் கோட்டுக்குள், நடு ஆட்டக்காரன் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, அது சுழன்றபடி நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, முறுக்கு விற்க வந்தவர் மூட்டையைக் கட்டினார்.

அம்பயர் ஜேசுமரியான் சார் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்; விசிலை வாயில் வைத்தால் பெற்ற தகப்பனையும் தெரியாது. அவர் விசில் ஊதவில்லை. நாற்காலியை விட்டு இறங்கிவந்து, இரண்டு மேனேஜரையும் கூப்பிட்டு, "பந்து தரையத் தொடல, மட்டையவும் தொடல. ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு" என்றார். விதிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் படித்துவிட்டு மேற்கொண்டு மூன்று தீர்ப்பும் சொன்னார். பந்து பள்ளிக்கூடக் கொடிக்கம்ப உயரத்துக்கு இறங்கும்வரை இடைவேளை, அதுவரை யாரும் கோட்டில் நிற்கத் தேவையில்லை. இறங்கியபின் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர் நிற்க வேண்டும், மற்ற நேரத்தில் விழுந்தால் செல்லாது. அந்த ஐந்து பேர் யாராகவும் இருக்கலாம், ஏனென்றால் இத்தனை நீளமான இடைவேளைக்குப் புத்தகத்தில் தடை எதுவும் இல்லை. பந்து இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது, அன்றிலிருந்து நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் மட்டும் இறங்கியது, ஒரு நாள் ஒரு சாண், ஒரு நாள் அரைச் சாண், அமாவாசையன்று விடுமுறை.

பந்தோடு வாழ்வதற்கு ஊர் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. தென்காசி பஸ்ஸில் கண்டக்டர், பந்தடி இறங்கு என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். கோயில் சப்பரத்தை அதற்குக் கீழே கொண்டுபோவது சாமிக்கு மரியாதையா, குறைச்சலா என்று இரண்டு நாள் பேசி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனியில் சாரல் விழுந்தபோது பந்து நனைந்து, சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீர் விட்டது; பெண்கள் குடத்தை வைத்துப் பிடித்து அதில் தாலிக்கயிறு நனைத்தார்கள், அந்த ஆவணியில் கல்யாணம் ஆன பதினோரு பெண்களுக்கும் அந்த நிறம்தான். வேடிக்கை பார்க்க வேன் வைத்து வந்த கூட்டத்தில் தெருவில் உட்கார இடமில்லாமல் போக, பீடி சுற்றும் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் கால் வைக்கப் பயந்த கோட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். விசில் கேட்டால் ஒரே மூச்சில் எழுந்துவிட வேண்டும் என்று மட்டும் வேலாயுதம் அண்ணாச்சி சொல்லிவைத்தார்.

வாகைப்பட்டி மேனேஜர் குத்தாலிங்கம் மரம் அறுக்கும் மில்லுக்கு முதலாளி, காத்திருக்கிற ஜாதகமே இல்லை அவருக்கு. பந்து மேலே நின்ற பத்தாம் நாள் மதுரையிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார், ஆடிக்குள் சேலத்திலிருந்து ஒருவன், ரயில்வே டீமில் ஆடியவன் ஒருவன், எவன் எவனை எங்கே கேள்விப்பட்டாரோ அவனையெல்லாம் ஜீப்பில் ஏற்றிவந்து, கொடிக்கம்பத் தீர்ப்புக்குக் காத்திராமல் அன்றைக்கே எங்கள் மைதானத்தில் தன் பக்கத்துக் கோட்டில் நிறுத்தினார். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை கண்ணைப் பந்தை விட்டு எடுக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. அந்த ஐந்து பேரும் மார்பை நிமிர்த்தி, வானத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

எங்கள் டீமோ கரைந்துகொண்டிருந்தது. ஒருவன் திருப்பூருக்குப் போனான், இரண்டு பேர் துபாய்க்குப் போனார்கள், ஆடிப் பதினெட்டு அன்று இசக்கிராஜா குத்தாலிங்கத்தின் மரமில்லில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்து, மறுநாள் சாயங்காலம் வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். பன்னிரண்டு வருஷம் எங்கள் சட்டையில் ஆடியவன். அன்றைக்கு டீக்கடையில் பாய்லர் கொதித்ததைவிட ஊர் அதிகமாகக் கொதித்தது. மேனேஜரை மாற்ற வேண்டும் என்றார்கள், கம்பத்தைச் சுமக்க இப்போதே சும்மாடு கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள், நானும் என் பங்குக்குக் கத்தினேன், அதை மறைப்பானேன். மிச்சம் இருந்தது செல்லப்பா ஒருவன்தான், அவனும் அம்மா படுக்கையில் இருந்ததால் போகவில்லை.

ஊர்க்கூட்டத்தில் அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் இருக்கிறான், கூப்பிட்டால் வருவான் என்று யாரோ சொன்னதற்கு, அவன் நல்ல ஆட்டக்காரன்தான், முப்பத்தைந்து பாயிண்ட் எடுக்க அவன் வேண்டும், நமக்கு வேண்டியது ஒரு பாயிண்ட், அதற்கு யார் என்று இன்னும் தெரியவில்லை என்றார். எப்போது தெரியும் என்று கேட்டதற்குத் தெரியும்போது சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு, கடைக்குப் போய் ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டார். அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொர்ணம் மதினி பிற்பாடு எங்களிடம் சொன்னாள். பயமாக இருக்கிறதா என்று இவள் கேட்டாளாம். ஆமாம் என்றாராம், கம்பத்தைப் பிடுங்கச் சொன்னால் தன்னால் முடியாது, வேறு யாராவதுதான் பிடுங்க வேண்டும் என்றும் சொன்னாராம்.

ஆவணியில் ஒரு நாள் அவர் ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்தார். வாகைப்பட்டி ஆட்களுக்கு ஆறு மணிக்கு டீ வந்தது, ரயில்வேக்காரன் கிளாஸை வாங்கினான், முகம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது, டீ சட்டையில் கொட்டியது. சேலத்துக்காரன் செருப்பைத் தேடினான், குனிய முடியாமல் காலால் தடவித் தடவித் தேடினான். மூன்று மாதம் அண்ணாந்து பார்த்த கழுத்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. குத்தாலிங்கத்துக்கு அது பெருமை, எங்க பயலுவ தூங்கும்போதும் பந்தத்தான் பாக்கானுவ என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணாச்சி அன்றிலிருந்து தானும் பந்தை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆள் எடுக்கவும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தார். முதலில் போனது கிணறு வெட்டும் பரமார்த்தலிங்கத்திடம், ஐம்பது அடி ஆழத்தில் வேலை செய்கிறவன், மேலே பார்த்தால் கண்ணில் மண் விழும் என்று பிறந்ததிலிருந்து தலையை நிமிர்த்தாதவன். மட்டை பிடிக்கத் தெரியாதே என்றவனிடம், மட்டைக்கு மார்கழிவரை நேரம் இருக்கிறது என்றார். அதற்குப்பின் ஒரு மாதம் யாரையும் எடுக்கவில்லை. புரட்டாசியில், பந்தடி என்று கூவுகிற அந்தக் கண்டக்டர் நடராஜமணியை, செங்கோட்டைவரை பஸ்ஸில் போய்வந்து, அவர் கைப்பிடி பிடிக்காமல் நின்றே டிக்கெட் கிழிப்பதைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். பரோட்டா மாஸ்டர் காஜாவைக் கேட்டபோது, அவர் பேசிக்கொண்டே கல்லைப் பார்க்காமல் பரோட்டாவைத் திருப்பிப் போட்டு, அண்ணாச்சி கூப்பிட்டால் வராமலா என்றுவிட்டார். செல்லப்பாவையும் சேர்த்து நாலு பேர் ஆயிற்று, பந்துக்கு நேர் கீழே நிற்க வேண்டிய நடு இடம் மட்டும் காலியாகவே இருந்தது. நாங்கள் சிரித்தோம். கிணறு வெட்டுகிறவன், பஸ் கண்டக்டர், பரோட்டா மாஸ்டர் என்று எண்ணி எண்ணிச் சிரித்துவிட்டு, அழுகையும் வந்தது.

ஐப்பசி அடைமழையில் பந்து நாலு நாள் கண்ணுக்குத் தெரியவில்லை, மேகம் அவ்வளவு கீழே. ஐந்தாம் நாள் மழை விட்ட சாயங்காலம், கோட்டில் சாக்கை விரித்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களைக் கடந்து போன அண்ணாச்சி, பந்து எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். தங்கபுஷ்பம் மட்டும் தூக்கவில்லை, நாற்பது வயது, இரண்டு பிள்ளைக்காரி, இலையில் தூளை வைத்து உருட்டிக்கொண்டே, "நாலு நாளைக்குச் சேத்து ரெண்டு சாண் எறங்கிருக்கு அண்ணாச்சி" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டார். சத்தம் கேட்கிறதே என்றாள். பந்து இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது, ரீங்காரம் விடுகிறது, வைகாசியில் கொசுவின் சத்தம், ஆடியில் தேனீ, இப்போது கொஞ்சம் கனத்திருக்கிறது, இறங்க இறங்கக் கனக்கிறது, கீழே உட்கார்ந்து தினம் கேட்பவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தச் சுற்று எரிந்தது என்று சொல்லும் அண்ணாச்சிக்கு அந்த ரீங்காரம் அதுவரை கேட்டதே இல்லை. அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார், கொஞ்ச நேரத்தில் அவருக்கும் கேட்டது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

காலியாக இருந்த நடு இடத்தில் நிற்கத் தங்கபுஷ்பம் சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. அவள் புருஷன் முருகையா முதலில் முறைத்தான், பிறகு வலைக்கம்பம் போய்விட்டால் தன் பிள்ளைகள் எங்கே ஆடும் என்று தானே கேட்டு, தானே சரி என்றான். ஜேசுமரியான் சார் புத்தகத்தைத் திறந்து பார்த்தார், ஆட்டக்காரர் ஐவர் என்று மட்டும்தான் இருந்தது, மூடிவிட்டார். பயிற்சிக்கு, தங்கபுஷ்பம் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பாள், பக்கத்துப் பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பந்தை மேலே வீசுவார்கள், அது வரும் பக்கம் திரும்பாமல் மட்டையை எடுத்து மெல்லத் தொட்டு வலைக்கு அந்தப் பக்கம் போட வேண்டும். முதலில் பத்தில் பத்தும் தவறியது, கார்த்திகையில் பத்தில் ஒன்று தவறியது. அண்ணாச்சி ஐந்து பேருக்கும் வைத்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று.

"மேல பாக்காதீய. அது வரும்போது வரும். நாம பாத்தா சீக்கிரம் வந்துருமா?"

மார்கழி கடைசியில் பந்து கொடிக்கம்ப உயரத்துக்கு இறங்கியது, ஜேசுமரியான் சார் நாற்காலியில் ஏறினார், இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர் நிற்க ஆரம்பித்தார்கள். பொங்கல் வந்து போனது. வாகைப்பட்டி ஆட்களின் கழுத்து பந்தோடு சேர்ந்து இறங்கவில்லை, ஆகவே பந்து இறங்க இறங்க அவர்கள் இடுப்பை முன்னால் வளைத்து, முழங்காலில் கை ஊன்றி, அப்படித்தான் கண்ணை அதற்கு நேராக வைத்துக்கொண்டார்கள், ஐந்து பேரும் கூன் விழுந்து நின்றார்கள். எங்கள் ஐந்து பேரும் எதிரே வலையின் அடிநூலைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று பேசிக்கொண்டு நின்றார்கள்.

தை பன்னிரண்டாம் தேதி மைதானத்தைச் சுற்றி ஏழு ஊர்ச் சனம். ஐந்தேகால் மணிக்குத் தங்கபுஷ்பம் பேச்சை நிறுத்தினாள். ரீங்காரம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னாள், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, எட்டு மாதம் பொறுமையாக இறங்கிய பந்து பொத்தென்று விழ ஆரம்பித்ததைத்தான் பார்த்தோம். அவள் தலையைத் தூக்கவில்லை. தோள் உயரத்துக்கு மட்டையைக் கொண்டுவந்தாள், கீரைக்கு உப்புப் போடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, பந்து அதில் உட்கார்ந்து எழுந்து, வலையின் மேல்நூலை உரசி, அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது. வாகைப்பட்டி ஐந்து பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கிராஜா நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டுத்தான் இருக்கும். அவனுக்கு அந்த மெல்லிய அடி நன்றாகத் தெரியும், இந்தக் கோட்டில் நூறு தடவை எடுத்திருக்கிறான். பந்து எங்கே, பந்து எங்கே என்று ஆகாயத்திடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஜேசுமரியான் சார் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த பந்தைக் குனிந்து பார்த்து நிச்சயம் செய்துகொண்டு, எட்டு மாதம் ஊதாத விசிலை ஊதினார்.

எங்கள் கத்தலில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் குளத்துக்கு அந்தக் கரைக்குப் போய்விட்டது. குத்தாலிங்கம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வலையைக் குனிந்து கடந்து வந்தார். தோல்வியைவிடப் பெரிதாக ஒன்று அவரை அரித்தது, எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார்.

"வேய், இவங்கள எங்கருந்து வே பிடிச்சீரு?"

"எங்கயும் பிடிக்கல அண்ணாச்சி" என்றார் வேலாயுதம் அண்ணாச்சி. "இங்கனதான் இருந்தாவ."

பிறகு அவர் வலைக்கு அந்தப் பக்கம் போனார். எல்லாரும் அவர் இசக்கிராஜாவை ஒரு வார்த்தை கேட்பார், நறுக்கென்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தோம். அவரோ அவன் பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்து, மறுகையால் நெற்றியைப் பிடித்து, ஒரு நூல் ஒரு நூலாக, ஒரு சொட்டு அவசரம் இல்லாமல் தலையை இறக்கினார். கழுத்து நேராக வந்ததும் அவன் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான், பார்த்தவன் குலுங்கி அழுதான், அவரும் அழுதார். மற்ற நாலு பேருக்கும் காஜா எண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார்.

இத்தனை சத்தத்தில் தங்கபுஷ்பத்தை யாரும் கவனிக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வலைக்கு அடியில் நுழைந்து, பந்து கிடந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஏழு ஊர்ச் சனமும் வேன் வைத்து வந்து பார்த்த பந்து, ஐப்பசியிலிருந்து அவள் ஒரு தடவைகூடப் பார்க்காத பந்து. எட்டு மாத மழையில் சாயமெல்லாம் போய் வெள்ளையாக, நூல் பிரிந்து, எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, பக்கத்தில் வந்து நின்ற அண்ணாச்சியிடம் நீட்டினாள்.

"இம்புட்டுதானா அண்ணாச்சி?"

அவர் அதை வாங்கவில்லை. அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார், அவள் இடுப்பில் முடிந்துகொண்டு, பீடித் தட்டை எடுக்கப் போனாள்.